மாதப்பன் – வர இயலாது

என் சிநேகிதி எழிலரசியின் தங்கை கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரமாட்டாராம். வாயால்கூடச் சொல்லவில்லையாம், கல்யாண வெப்சைட்டிலேயே பதிந்துவிட்டாராம். தருமபுரியில் எங்கள் துணிக்கடைக்கு ஜாக்கெட் பிட் எடுக்க வந்த ஒரு அம்மா, என் தம்பி மனைவி சானியாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு நல்லம்பள்ளியில் யாரோ சொன்னார்களாம். சானியா அதைத் தோஹாவில் இருக்கும் எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். அக்காவை எங்கள் வீட்டில் ஆபா என்போம்.

“கல்யாணமே நின்னுடும்ங்கறாங்க ஆபா. நீங்க டிக்கெட் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“கேன்சல் பண்ண முடியுமான்னு எதுக்கும் பாத்து வெச்சுக்குங்க.”

நான் அதைப் பார்க்கவில்லை. வெப்சைட்டைத்தான் பார்த்தேன். ஆபீசில் எதிரே மேனேஜர் ஏதோ பேசிக்கொண்டிருக்க, மேசைக்கு அடியில் போனைப் பிடித்துக்கொண்டு திறந்தேன். மேலே மணமக்கள் படம், பிரியதர்ஷினி – கலைமணி. அதன் கீழே மண்டபத்துக்கு வழி, பஸ், ரயில், தங்கும் இடம். எல்லாவற்றுக்கும் கீழே ‘யார் யார் வருகிறார்கள்?’ என்று ஒரு பகுதி. வருகிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். பச்சை, பச்சை, பச்சை என்று போய்க்கொண்டே இருந்த வரிசையில் ஒரே ஒரு சிவப்பு.

மாதப்பன், ஏரியூர் – வர இயலாது.

நான் அந்த வீட்டுப் பெண் இல்லை. இருந்தாலும் மாதப்பன் மாமாவை எனக்குத் தெரியும். எழிலரசியையும் தெரியும். இந்த ஒரு வரி அவளை என்ன செய்யும் என்பதும் தெரியும்.

எழிலரசிக்கும் எனக்கும் ஆறாம் வகுப்பில் பழக்கம். ஐந்தாவது வரை உருதில் படித்துவிட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த எனக்கு, டீச்சர் சொல்வது பாதி புரியாது. பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தவள் இவள். நான் கேட்பதற்கு முன்பே என் பக்கம் நோட்டைத் திருப்பி வைப்பாள். அடுத்தவருக்கு என்ன தெரியாமல் போகும் என்று முன்கூட்டியே கவலைப்படுவது அவளுடைய பிறவிக் குணம். கூடப் படித்த நாங்கள் கிண்டல் செய்திருக்கிறோம். பிற்பாடு அதுவே அவளுக்குத் தொழிலாகிவிட்டது.

மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. டிக்கெட் புக்கிங், ஆதார் பிரிண்ட், பட்டா, ஜெராக்ஸ். கொரோனா காலத்தில் மண்டபத்துக்குள் கூட்டம் சேரக் கூடாது என்றிருந்தபோது, ஒரு வீட்டார் கல்யாணத்தை லைவாகக் காட்ட வழி கேட்டு வந்தார்கள். அதற்காக முதல்முதலில் ஒரு பக்கம் செய்தாள். அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் சென்னை, பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் கல்யாணம் என்றால் இவளிடம் வர ஆரம்பித்தார்கள்.

மற்றவர்கள் செய்யும் கல்யாண வெப்சைட்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். பூ விழும், மேகம் நகரும், மணமக்கள் கடற்கரையில் ஓடுவார்கள், மண்டபம் எங்கே என்று மட்டும் தெரியாது. எழிலரசி செய்வதில் பூ விழாது. ‘சென்னையிலிருந்து வருபவர்கள் மொரப்பூரில் இறங்கவும். ரயில் அதிக நேரம் நிற்காது, பெட்டியை முன்பே வாசலுக்குக் கொண்டுவந்து விடவும்’ என்று இருக்கும். ‘மேப்பை நம்பி ஏரிக்கரை ரோட்டில் திரும்ப வேண்டாம், கார் போகாது’ என்று இருக்கும். ‘மழை பெய்திருந்தால் ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும், சுற்றி வரவும்.’ ‘கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு மாடியில் இடது பக்கம் ஃபேன் ஓடும் ரூம்.’ கடைசியில், ‘வழி தெரியாவிட்டால் தயங்காமல் அழைக்கவும்’ என்று அவளுடைய நம்பர். யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் அவள் நம்பர்தான். “உனக்கென்னடி தலையெழுத்து?” என்று கேட்டதற்கு, “அவங்க எடுக்க மாட்டாங்கடி. கல்யாண வூட்டுல எவன் போனை எடுக்கறான்?” என்றாள்.

அவளுடைய கல்யாணத்துக்கு வெப்சைட் எல்லாம் இல்லை. அப்பா அவள் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு ஆம்பளை என்று நின்றது ஏரியூரிலிருந்த மாதப்பன் மாமாதான். அம்மா கண்ணம்மாளுக்கு ஒரே தம்பி. மாவட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு எக்ஸெல் மொபெட்டிலேயே வருவார். பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பென்னாகரம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். எக்ஸெல்லில் ஏறிவிட்டால் ஊர் வந்து சேரும் வரை போனை எடுக்க மாட்டார். “கைய வுட்டுட்டுப் பேசினா எமன்கிட்டத்தான் பேசணும்” என்பார். கண்ணம்மாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துப் பயந்து, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பார். மாமா நிதானமாக வந்து வண்டியை நிறுத்துவார்.

எழிலரசிக்குப் பட்டம் கட்டியவர் அவர். அவர்கள் பக்கத்தில் மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டிய பிறகுதான் பெண் மணவறைக்குப் போக முடியும். பட்டமும் பட்டுப்புடவையும் மாமன் வீட்டிலிருந்து வரவேண்டும். பெண் வீட்டாரே வாங்கி வைத்துக்கொள்வது வழக்கமில்லை. மூன்று வருடம் கழித்து, ஓசூரில் புருஷன் வீட்டில் அவள் படும் பாடு தெரியவந்தபோது, அங்கேயும் அவர்தான் போனார். யாரையும் கேட்கவில்லை, பஞ்சாயத்து வைக்கவில்லை. ஒரு மினி வேனோடு போய் வாசலில் நிறுத்தி, “துணிமணிய எடுத்துக்கிட்டு ஏறு கண்ணு” என்றார். வேனில் டிரைவர் பக்கத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு, அவர் பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். ஓசூரிலிருந்து மொரப்பூர் வரைக்கும். அதன் பிறகுதான் இந்தக் கடை.

அந்த மாதப்பனின் பெயருக்கு எதிரில்தான் சிவப்பு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எழிலரசியைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

“அன்ஜு, நீயும் பாத்துட்டியா?”

“பாத்தேன். மாமா ஏண்டி அப்படிப் போட்டாரு?”

“அவரு போடலடி.”

“பின்ன யாரு?”

“நாந்தான்.”

நடந்ததை அவளே சொன்னாள்.

அந்த ‘வருகிறேன், வர இயலாது’ பகுதியே அவளுடைய யோசனை இல்லை. மாப்பிள்ளை கலைமணி சென்னையில் வேலை பார்க்கிறவர். எத்தனை பேர் என்று தெரிந்தால் சமையலுக்குச் சொல்ல வசதியாக இருக்கும், ஒன்று போட்டுவிடுங்கள் அண்ணி என்றிருக்கிறார். கண்ணம்மாள் கேட்டதும் குதித்திருக்கிறார்.

“வருவியா மாட்டியான்னு கேக்கறதா? கேட்டா எவன் வருவான்? வந்துதான் ஆவணும்னு சொன்னாலே பாதிப்பேரு வர்றதில்ல!”

“சமையலுக்கு ஆள் கணக்கு வேணும்மா.”

“ஊருக்கே பந்தி போடறோம், ஆளுக்கு ஆள் எண்ணிப் போடறதுக்கு நாம என்ன ஓட்டலா வெச்சிருக்கறோம்?”

“சென்னைக்காரங்களுக்கு மட்டும்மா. நம்ம ஆளுங்க யாரும் அதை அமுத்த மாட்டாங்க.”

சரி என்று செய்திருக்கிறாள். செய்து முடித்ததும் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? பச்சைக்கு அம்மா பெயரைப் போட்டாள், தன் பெயரைப் போட்டாள், என் பெயரைக்கூடப் போட்டாள். எல்லாம் சரியாக வந்தது. சிவப்பு எப்படி வருகிறது என்று பார்க்க ஒரு பெயர் வேண்டும். யார் பெயரைப் போடுவது? சித்தப்பா பெயரைப் போட்டால் நிஜமாகவே வராமல் போனாலும் போவார். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் போட்டால் அபசகுனம். யோசித்துப் பார்த்தாள். இந்தக் கல்யாணத்துக்கு வராமலிருக்க வாய்ப்பே இல்லாத ஆள் ஒருவர்தான் இருந்தார்.

“அவரு பேரைப் போட்டா பொய்யின்னு பாத்ததும் தெரியும்டி. அழிக்க மறக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“மறந்துட்ட.”

“அன்னிக்குக் கடையில கூட்டம். பட்டா எடுக்க ஒரு பாட்டி வந்துச்சு, பிரிண்டர் மக்கர் பண்ணுச்சு. மறந்துட்டேன்.”

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். பத்திரிகை அடித்து வந்ததும் முதல் பத்திரிகை மாமனுக்கு. வெற்றிலை பாக்கு, தேங்காய் பழத்தோடு நேரில் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்கவேண்டும். அதற்கப்புறம்தான் ஊருக்கு. வளர்பிறை வெள்ளிக்கிழமை போவதாக இருந்தார்கள். அதற்கு முன்பே, மேப் சரியாகக் காட்டுகிறதா பாருங்கள் என்று கலைமணிக்கு அனுப்பிய லிங்கை அவருடைய நண்பர் ஒருவர் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். அதை ஒருத்தர் எடுத்து இன்னொரு குரூப்பில் போட, ‘ஏரியூர் சொந்தங்கள்’ குரூப்பில் யாரோ அந்தச் சிவப்பு வரியைப் படம் பிடித்து, சுற்றி வட்டம் போட்டு, ‘என்னாச்சு?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

“இப்ப அழிச்சுட்டேன்டி,” என்றாள் எழிலரசி.

நான் அப்போதே மறுபடி திறந்து பார்த்தேன். சிவப்பு வரி இல்லை. முழுக்கப் பச்சை. ஆனால் படம் பிடித்த படம் ஊரெல்லாம் இருந்தது. இரண்டு நாள் கழித்துச் சானியா மறுபடி கூப்பிட்டாள்.

“ஆபா, மாமன் எழுதினதைப் பொண்ணு வூட்டுல அழிச்சுட்டாங்களாம். அப்ப ஏதோ பெரிய சண்டைதான்.”

“சண்டை எல்லாம் இல்ல சானியா. அது டெஸ்ட்டுக்குப் போட்டது.”

“டெஸ்ட்டுக்கா? தாய்மாமனையா?” என்றாள். உண்மை, புரளியைவிட நம்ப முடியாததாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கண்ணம்மாளும் சித்தப்பாவும் தட்டோடு ஏரியூர் போனார்கள். எழிலரசி வருகிறேன் என்றதற்கு, நீ வந்தால் பேச்சு வளரும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். மாமா வீட்டில் இல்லை. அவர் மனைவி குள்ளம்மாள் அத்தை தண்ணீர் கொடுத்தார், காபி கொடுத்தார், தட்டையும் வாங்கிக்கொண்டார். வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

“ஃபிரிட்ஜ் மேல வெச்சுட்டா எழிலு,” என்று திரும்பி வந்த கண்ணம்மாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். “கரண்டு பில்லு வெக்கற எடத்துல வெச்சுட்டா.”

மாமாவுக்குப் போன் போட்டால் ரிங் போகும், எடுக்க மாட்டார். வண்டியில் இருக்கிறாரா, வேண்டுமென்றே எடுக்கவில்லையா என்று கண்டுபிடிக்க வழி இல்லை. அங்கே இவள் கூப்பிட, இங்கே நான் இவளைக் கூப்பிட, நாட்கள் போயின. நான் தினமும் அந்த வெப்சைட்டைத் திறந்து திறந்து பார்த்தேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. தினமும் ஏதாவது ஒரு வரி கூடியிருக்கும். ‘தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மொரப்பூர் பஸ் நிற்குமிடம் மாறியுள்ளது.’ ‘மண்டபத்தின் பின்பக்கக் கேட் பூட்டியிருக்கும்.’ அவளுக்குத் தூக்கம் இல்லை என்பதை அந்த வரிகளை வைத்தே தெரிந்துகொண்டேன்.

லீவைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்த மறுநாள் காலை அவளே டிரைவரோடு ஒரு வாடகைக் காரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். “ஏறு, ஏரியூர் போலாம்” என்றாள்.

“நான் எதுக்குடி? சொந்தக்காரங்க யாரையாவது...”

“சொந்தக்காரங்க வந்தா அவரு கத்துவாரு. உன்னைப் பாத்தா மரியாதைக்குக் கொஞ்சம் அடங்குவாரு.”

என் அத்தா அப்துல் கனி, வீட்டை ஒட்டியிருந்த கடை வாசலிலிருந்தே, “மாதப்பனுக்கு நான் சலாம் சொன்னேன்னு சொல்லும்மா. என்கிட்ட வேட்டி எடுத்துத்தானே அவரு கல்யாணமே ஆச்சு” என்றார். அதை ஒரு சிபாரிசு மாதிரி எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

வழியெல்லாம் அவள் போன் அடித்தது. இன்னொரு வீட்டுக் கல்யாணத்துக்கு வழி கேட்டு ஒருவர், டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிற்றா என்று ஒருவர். எல்லாருக்கும் பதில் சொன்னாள். பென்னாகரம் தாண்டியதும் சுரிதார் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள். ஏரியூர் ஊருக்குள் நுழைந்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் நின்று தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினாள்.

மாமா இருந்தார். வாசலில் எக்ஸெல்லின் சங்கிலிக்கு ஆயில் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை.

“வாங்க வாங்க. வெப்சைட்டுல வந்திருக்கறீங்களா, நேருல வந்திருக்கறீங்களா?”

“நேருலதாங்க மாமா வந்திருக்கறேன்,” என்றாள் எழிலரசி.

“எனக்கு எப்பிடித் தெரியும்? நான் வரலைங்கறதையே எனக்கு அடுத்தவன் சொல்லித்தான் தெரிஞ்சுது.”

குள்ளம்மாள் அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “வா கண்ணு. இது யாரு, கனி பாய் பொண்ணா? வாம்மா. அவரு கெடக்கறாரு, உள்ள வாங்க.”

உள்ளே போனதும் என் கண் ஃபிரிட்ஜ் மேல்தான் போனது. தட்டு இல்லை. பத்திரிகை மட்டும் கரண்டு பில்லுக்கும் ஒரு டார்ச் லைட்டுக்கும் நடுவில், மஞ்சள் தடவிய மூலை வெளியே தெரிய, அப்படியே இருந்தது. எழிலரசியும் பார்த்தாள். பார்க்காத மாதிரி வாசலுக்கே திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

“மாமா, அதை நாந்தாங்க போட்டேன்.”

ஆயில் விட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

“தெரியும். நான் போடலன்னா உங்க வூட்டுல யாரோதானே போட்டிருக்கணும். பால் சொசைட்டில நிக்கறேன், ஒருத்தன் கேக்கறான், ஏம் மாதப்பா, அக்கா மக கல்யாணத்துக்குப் போவலயாமேன்னு. கேனைக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கறேன். இவன் வரவேணாம்னா நேரா சொல்லியிருக்கலாம். நான் என்ன, வந்தே தீருவேன்னா நிக்கப்போறேன்?”

“ஐயோ மாமா, அப்பிடி இல்லீங்க...”

“பின்ன எப்பிடி?”

சொன்னாள். பச்சை, சிவப்பு, டெஸ்ட், கூட்டம், பிரிண்டர். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அப்படித் தோன்றியது. ஒரு மனுஷனை இப்படிப் புண்படுத்திய விஷயம் இவ்வளவு சின்னதாக இருப்பதே அவரை மறுபடி புண்படுத்தும் என்று பயந்தேன்.

“சோதிச்சுப் பாக்க ஊருல வேற பேரே கெடைக்கலியா?”

“நடக்கவே நடக்காத ஒண்ணா இருக்கணும்னு யோசிச்சேனுங்க. நீங்க வராம இருக்கறதுதான் நடக்காது. அதனாலதான்.”

மாமா துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவர் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அவ்ளோ நிச்சயமா?” என்றார்.

“ஆமாங்க.”

“கேக்கக்கூட வேணாம், மாமன் எங்க போவப்போறான். அப்பிடித்தானே?”

“அப்பிடி இல்லீங்க” என்று ஆரம்பித்த எழிலரசி முடிக்கவில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லை.

உள்ளேயிருந்து அத்தை, “புள்ள எளச்சுப்போயி வந்திருக்கறா, நீ கேள்வி மேல கேள்வியா கேட்டுக்கிட்டிரு” என்று சத்தம் போட்டார். “அந்தப் பட்டத்துக்கு சேலத்துல சொல்லி வெச்சமே, அதை...”

“நீ சும்மா இரு,” என்றார் மாமா.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எழிலரசிக்குத் தைரியம் வரவில்லை. மாமா வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினார். பால் கேனை மாட்டினார்.

“மாமா, வருவீங்கதானே?”

கேட்டுவிட்டாள். கண்ணம்மாள் கேட்கவே கூடாது என்று குதித்த அதே கேள்வி.

“பாக்கலாம்,” என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில், பென்னாகரம் தாண்டியதும், திடீரென்று, “பாக்கலாம்னா என்னடி?” என்றாள்.

“வருவாருன்னுதான்டி.”

“எனக்கு டிக்கெட் எடுக்க வர்றவங்க பாக்கலாம்னு சொல்லிட்டுப் போனா திரும்பி வரவே மாட்டாங்க. பிரியாவைப் பொண்ணு பாக்க மொதல்ல வந்த வூட்டுக்காரங்க பாக்கலாம்னுதான் சொன்னாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “என் வெப்சைட்டுல அதுக்குப் பட்டனே இல்ல.”

“பட்டத்துக்குச் சொல்லி வெச்சிருக்கறதா அத்தை சொன்னாங்களே.”

“அது எப்ப சொல்லி வெச்சது? இதுக்கு முன்னாடியா, பின்னாடியா? அதைக் கேட்டிருக்கணும்ல? நீயாவது கேட்டிருக்கலாம்ல?”

அன்று சாயங்காலமே அந்த வருகிற, வராத பகுதியை முழுசாக எடுத்துவிட்டாள். கலைமணி போன் செய்து, அண்ணி, சமையலுக்குக் கணக்கு என்றாராம். “எல்லாரும் வருவாங்கன்னு வெச்சுச் சமைக்கச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டாளாம்.

கல்யாணத்தன்று விடிவதற்குள் நான் மண்டபத்துக்கு வந்துவிட்டேன். வருகிற வழியில், பழக்க தோஷத்தில், வெப்சைட்டைத் திறந்தேன். வழிகாட்டும் பகுதியில் முந்தின நாள் இல்லாத ஒரு வரி இருந்தது.

‘ஏரியூரிலிருந்து டூவீலரில் வருபவர்கள்: பென்னாகரம் ரோட்டில் பனி இருக்கும், லைட் போட்டுக்கொண்டு மெதுவாக வரவும். தருமபுரி வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு, ஒரு போன் செய்யவும். நேரமானாலும் காத்திருப்போம்.’

அந்த ஊரிலிருந்து அவ்வளவு தூரம் டூவீலரில் வரக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் இருப்பது பட்டன் போன். இதைத் திறந்து படிக்கவே முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மண்டபத்தில் எழிலரசி பட்டுப்புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, காதில் போனோடு கேட்டருகே நின்றிருந்தாள். “இல்லீங்க, பாலத்துக்கு அடியில வராதீங்க, நேத்து மழை... ஆமாங்க, பெட்ரோல் பங்க்குக்கு அடுத்த ரைட்டு.” வைப்பதற்குள் அடுத்தது. “இறங்கிட்டீங்களா? அந்தப் பக்கம் போவாதீங்க, ஓவர்பிரிட்ஜ் ஏறி இந்தப் பக்கம் வாங்க. வேன் நிக்கும்.” சென்னைக்காரர்கள் ஒருவர்கூட வழி தவறவில்லை. கைக்குழந்தைக்காரர்கள் யாரையும் கேட்காமல் மாடியில் இடது பக்கம் போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “யாரும்மா இந்த வெப்சைட்டு செஞ்சது? கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு” என்றார். அவள் சிரித்தாள். கண் ரோட்டைப் பார்த்தது.

வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்டது, “மாமன் வந்தாச்சா?” சிலர் அக்கறையில் கேட்டார்கள். சிலர் கதை தெரிந்துகொண்டு கேட்டார்கள். எழிலரசி எல்லாருக்கும், “வந்துட்டிருக்கறாருங்க” என்றாள். எதை வைத்துச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

மணமகள் அறையில் பிரியதர்ஷினி அலங்காரமெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. மாமன் வீட்டுப் புடவை வராததால் இன்னும் நிச்சயதார்த்தப் புடவையில்தான் இருந்தாள். கண்ணம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயர் ஆள் அனுப்பிவிட்டார்: தாய்மாமன் பட்டம் கட்டப் பெண்ணை அழைத்துவரச் சொல்லி.

சித்தப்பா வந்தார். “மண்டபத்துக்காரன்கிட்ட பட்டம் ஒண்ணு இருக்குதாம். உங்கம்மா பங்காளி வழில ஒரு மாமன் முறை ஆளு வந்திருக்கறாரு. அவரைக் கட்டச் சொல்லிடலாம். நேரம் போவுது பாரு.”

“வேணாங்க சித்தப்பா,” என்றாள் எழிலரசி.

“நல்ல நேரம் நமக்காக நிக்குமா? எத்தனை தடவ கூப்ட்ட? எடுத்தாரா?”

“எடுக்கலீங்க.”

“அப்பறம்?”

“ரிங் போவுது சித்தப்பா. கட் பண்ணலீங்க, ஸ்விட்ச் ஆஃப் இல்லீங்க. வண்டில இருந்தா எடுக்க மாட்டாருங்க.”

“வூட்டுல உக்காந்துக்கிட்டு எடுக்காம இருந்தாலும் ரிங்தான்மா போவும்.”

அவளுக்கு அது தெரியாமலில்லை. அத்தை நம்பருக்கும் கூப்பிட்டுப் பார்த்திருந்தாள். அதுவும் அப்படியே. அத்தை வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் புடவைப் பையை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்திருக்கலாம். இல்லை, அடுப்படியில் இருக்கலாம். கண்ணம்மாள் எழிலரசியையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிரியதர்ஷினி மட்டும், “அக்கா, நீ இன்னொரு தடவ கூப்புடு. அது வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்” என்றாள்.

சித்தப்பா பெருமூச்சு விட்டு வாசலைப் பார்த்தார். வெளியே மேளக்காரர்கள் மாமனை அழைத்து வருவதற்கென்று கேட்டில் நின்று, வாசிக்காமல், டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எழிலரசி மறுபடி நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன். தருமபுரிப் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது, ஒரு டவுன் பஸ் வந்தது, இரண்டு பைக் வந்தது. போனில் நடுநடுவே பீப் சத்தம் கேட்டது. வழி தெரியாத யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் போனையும் முதல் ரிங்கிலேயே எடுக்கிறவள், அதை எடுக்கவில்லை. இந்த லைனை விட மனமில்லாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வளைவில் தெரிகிற ஒவ்வொரு டூவீலரையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி நின்றாள்.

“ரிங் போவுதுடி,” என்றாள் என்னிடம்.

போய்க்கொண்டிருந்தது.